வெள்ளம் ஒழிக்கண்ட, மோனே

கோட்டயத்துக்கு வேலைக்குப் போன முதல் வாரம், பக்கத்து மளிகைக் கடையில் 100 கிராம் மிளகுப் பொடி கேட்டேன். கடைக்காரர் சிவப்பாக ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். இது வேண்டாம் சேட்டா, மிளகு, மிளகு என்றேன். அவரும் பொறுமையாக “இது முளகு தன்னே” என்றார். ஒரே சொல்லை ஆளுக்கு நாலு முறை சொல்லிக்கொண்டோம். என் சத்தம் கூடியது, அவர் பொறுமை குறைந்தது. பின்னால் மிட்டாய் வாங்க நின்ற பள்ளிக்கூடப் பையன் ஒருவன்தான் “குருமுளகா?” என்று கேட்டு என்னைக் காப்பாற்றினான்.

மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். நம் மிளகுக்கு அங்கே குருமுளகு என்று பெயர். 1498இல் போர்ச்சுகீசியர்கள் கோழிக்கோட்டுப் பக்கம் கரையிறங்கியது முக்கியமாக மிளகுக்காக, அப்புறம் அவர்கள் கப்பலில் வந்த மிளகாய் மெதுவாக ஊருக்குள் நுழைந்து மிளகின் பெயரையே பிடுங்கிக்கொண்டது. நாம் ஒரு ‘காய்’ ஒட்டி மிளகாய் என்று தனியாக வைத்துக்கொண்டோம். அவர்கள் பெயரைப் புதிதாக வந்தவனுக்குக் கொடுத்துவிட்டு, பழையவனை அடையாளம் காட்ட முன்னால் ஒரு ‘குரு’ சேர்த்தார்கள். குரு என்றால் அங்கே விதை.

பீஃப் சமைப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எதற்கு இந்தக் கதை என்றால், நான் அந்தச் சமையலைக் கற்றுக்கொண்டதே இப்படித்தான். பாதி சமையல், பாதி அகராதி. ஒரு சொல்லைத் தமிழ்க்காதால் கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வது, கறியைக் கெடுப்பது, அப்புறம் அந்தச் சொல் உண்மையில் என்ன சொன்னது என்று தெரிந்துகொள்வது.

எங்கள் வீடு திண்டுக்கல் பக்கம். ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி, எப்போதாவது காடை, அவ்வளவுதான். மாட்டுக்கறி வீட்டு வாசல்படியைத் தாண்டியதில்லை. அதன் பெயரைக்கூட அம்மா நேராகச் சொல்ல மாட்டார், ‘பெரிய கறி’ என்று ஒரு மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அந்தக் குரல் தாழ்வதில் என்னென்ன இருக்கிறது என்பது நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. கோட்டயத்தில் அது ஒரு சாதாரணச் சாப்பாடு. சாயங்காலம் ரோட்டோரத் தட்டுக்கடையில் கேஸ் அடுப்பின் ஓரத்தில் பெரிய இரும்புச் சட்டி, அதில் கறுப்பாக ஏதோ ஒன்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். பரோட்டாவோடு ஒரு பிளேட். ‘பிடிஎஃப்’ என்று ஆர்டர் செய்வார்கள், பீஃப் டிரை ஃப்ரையின் சுருக்கம். முதல் தடவை ஒரு நண்பனின் பிளேட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன். இரண்டாம் நாள் எனக்கே ஒரு பிளேட். மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரருக்கு என் முகம் பழகிவிட்டது.

வீட்டில் செய்யும் வகைக்கு உலர்த்தியது என்று பெயர். பேச்சில் ‘ஒலத்தியது’ என்பார்கள். எல்லா ஓட்டல் மெனுவிலும் இருக்கும், நான் அதை ஒரு பெயராக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் குடியிருந்தது ஒரு வீட்டு மாடியில். கீழே வீட்டுக்கார அம்மச்சி. அப்போதே எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி, ஆனால் அடுக்களையை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். ஈஸ்டருக்கு முன்னால் 50 நாள் நோன்பு, அத்தனை நாளும் இறைச்சி கிடையாது. அந்த நோன்பு தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குப் பேத்துர்த்தா என்று பெயர், அன்றைக்கு ஒரு கட்டு கட்டிவிடுவார்கள். அப்படி ஒரு பேத்துர்த்தா அன்றுதான் கீழே கூப்பிட்டு ஒரு தட்டு கொடுத்தார். அவித்த கப்பை, நம் மரவள்ளிக்கிழங்குதான், ஒரு பக்கம், பக்கத்தில் கருமையாக இறைச்சி, நடுநடுவே பழுப்பேறிய தேங்காய்ச் சில்லு, எண்ணெயில் நொறுங்கிப்போன கறிவேப்பிலை. தட்டுக்கடையில் சாப்பிட்டதெல்லாம் இதன் அவசரப் பதிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. எப்படிச் செய்வது என்று கேட்டேன். சொல்லித் தர மாட்டேன், பக்கத்தில் நின்று பார் என்றார். அதற்கு ஐம்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஈஸ்டர் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தேன். மசாலா எல்லாம் போட்டுப் பிசறிய இறைச்சியைக் குக்கரில் போட்டார். நம் ஊர்ப் பழக்கத்தில் நான் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுபோனேன். அடிபிடித்துவிடுமே. அவர் திரும்பிப் பார்க்காமலே “வெள்ளம் ஒழிக்கண்ட, மோனே” என்றார். என் காதில் விழுந்தது என்னவென்றால், வெள்ளம் ஒழிக்க வேண்டும். வெள்ள நிவாரணம் மாதிரி ஏதோ. வெள்ளம் அங்கே தண்ணீர் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது, ஆனால் ஒழிக்க என்றால்? தண்ணீரை ஒழித்துக்கட்ட வேண்டும் என்கிறாரா, அதுதான் செம்போடு நிற்கிறேனே என்று ஊற்றப் போய்விட்டேன். கையைப் பிடித்துவிட்டார். ஒழிக்க என்றால் மலையாளத்தில் ஊற்ற. தண்ணீர் ஊற்றாதே என்றிருக்கிறார்.

இன்றைக்கு யோசித்தால் என் தப்பான அர்த்தமும் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சமையல் முழுவதும் தண்ணீரை ஒழிக்கும் வேலைதான். பெயரிலேயே இருக்கிறது. உலர்த்தியது. துணியை உலர்த்துகிறோம், மிளகாயை உலர்த்துகிறோம், அதே உலர்த்து. ஆறு வருஷம் மெனுவில் படித்துக்கொண்டே இருந்த எனக்கு அந்தச் சொல் தமிழ்தான் என்பதே உறைக்கவில்லை.

சரி, இப்போது செய்முறைக்கு வருகிறேன். இப்போது இருப்பது கோயம்புத்தூர். கறி வாங்குவது உக்கடம் பக்கம் ஒரு கடையில். கடைக்காரரிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான், தொடைக்கறி வேண்டாம், முன்னங்கால் சப்பையில் கொடுங்கள். தொடை பார்க்க அழகாக, கொழுப்பில்லாமல், செக்கச் சிவந்து இருக்கும். உலர்த்தும்போது கட்டையாகிவிடும். சப்பையில் சவ்வும் நாரும் கொஞ்சம் கொழுப்பும் கலந்திருக்கும். அந்தச் சவ்வில் இருக்கும் கொலாஜன் மெதுவாக வேகும்போது இளகி ஜெலட்டின் ஆகிறது, கடைசியில் துண்டின் மேல் பளபளவென்று ஒட்டும் மினுமினுப்பு அதுதான். ஒரு கிலோ வாங்கினால் கட்டைவிரல் நுனி அளவுத் துண்டாகப் போடச் சொல்லுங்கள். பிரியாணிக்குப் போடுவது போலப் பெரிதாக வேண்டாம்.

தமிழ்நாட்டில் 1976 அரசாணைக்குப் பிறகு பசுவும் கிடேரியும் வெட்டக்கூடாது, கடையில் கிடைப்பது காளை அல்லது எருமை. கேரளாவிலும் பீஃப் என்ற பெயரில் வருவதில் எருமைக்கடா நிறைய, போத்து என்பார்கள், அதற்கென்றே தனி ரசிகர்கள் உண்டு. எது என்று தெரிய வேண்டுமானால் கொழுப்பைப் பாருங்கள். எருமைக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும், மாட்டுக் கொழுப்பில் மஞ்சள் தட்டும். தீவனத்தில் இருக்கும் கரோட்டினை எருமை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது, மாடு ஒரு பகுதியை அப்படியே கொழுப்பில் சேர்த்து வைக்கிறது. எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் பசு வெண்ணெய் மஞ்சளாகவும் இருப்பதும் இதே காரணத்தால்தான். எருமை என்றால் வேக இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும்.

இன்னொன்று, இந்தச் சட்டிக்குள் இருப்பதில் பாதி தமிழ்நாட்டிலிருந்து போவது. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடுகள் லாரியில் வாளையாறு, கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கறிவேப்பிலை காரமடை, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து போகிறது. தேங்காய் எண்ணெய்க்குக் காங்கேயம். 2017 மே மாதம் மத்திய அரசு சந்தையில் வெட்டுக்கு மாடு விற்பதைத் தடுத்து விதி போட்டபோது நான் கோட்டயத்தில் இருந்தேன். கீழ்வீட்டு டிவியில் இரண்டு வாரம் வேறு பேச்சே இல்லை. அந்த விதிக்கு முதலில் தடை கொடுத்தது நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது. நடுவில், ஜூன் 8 அன்று, இதைப் பேசுவதற்காகவே கூடிய கேரளச் சட்டசபையில் எம்எல்ஏக்கள் காலையில் கேன்டீனில் பீஃப் ஃப்ரை சாப்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். அம்மச்சிக்கு அந்தச் செய்தியில் உறுத்தியது ஒன்றுதான். கேன்டீனில் அவ்வளவு காலையில் எப்படி ஒழுங்காக உலர்த்தியிருப்பார்கள், விடிய மூன்று மணிக்கு எழுந்தார்களா என்று கேட்டார்.

மசாலா. மல்லித்தூள் 3 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. அப்புறம் சோம்பு 2 தேக்கரண்டி, பட்டை இரண்டு விரல் நீளம், கிராம்பு 6, ஏலக்காய் 4, அன்னாசிப்பூ ஒன்று, இவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். கடையில் மீட் மசாலா பாக்கெட் கிடைக்கும், வாங்கலாம், தப்பில்லை, ஆனால் சோம்பையாவது வீட்டில் பொடியுங்கள். சோம்புதான் இந்தக் கறிக்கு முகம். மிளகு 2 தேக்கரண்டி, கொரகொரப்பாக இடித்து, பாதியை இப்போது போட்டு மீதியைக் கடைசிக்கு வையுங்கள். இடிகல் இருந்தால் இடிகல். மிக்ஸியில் அரைத்தால் மாவாகி மூக்கில்தான் ஏறும்.

சின்ன வெங்காயம் கால் கிலோ. இதை உரிப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பெரிய வெங்காயம் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், நாம் எதை ஒழிக்கப் பார்க்கிறோமோ அதையே உள்ளே கொண்டுவருகிறோம். இஞ்சி ஒரு பெரிய துண்டு, பூண்டு 12 பல், பச்சை மிளகாய் 4. இஞ்சி பூண்டை விழுதாக அரைக்காமல் தட்டிப் போடுங்கள். தேங்காய் அரை மூடி, துருவக் கூடாது, பல்லுப் பல்லாகக் கீறிக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலை கை நிறைய. நான் சொல்வது நாலு இலை அலங்காரத்துக்குப் போடுவதை அல்ல, நாலைந்து கொத்து. தக்காளி கிடையாது. தக்காளி போட்ட பீஃபைத் தேடினால் கிடைக்கும், அது வேறு கறி.

கறியைக் கழுவினால் வடிகட்டியில் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், நீர் முழுக்க இறங்கட்டும். அப்புறம் தூள் எல்லாம், பாதி வெங்காயம், இஞ்சி, பூண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, உப்பு, ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கையால் பிசற வேண்டும். அம்மச்சி இதற்கு முழுசாகப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார், துணிக்குச் சோப்புப் போடுவது போல அழுத்தித் தேய்ப்பார். முடிக்கும்போது உள்ளங்கை மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் நீர் கசிந்திருக்கும். அந்த நீர்தான் வேகப் போதுமான தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறட்டும்.

குக்கரில் தண்ணீர் இல்லாமல் வைக்கப் பயமாக இருந்தால் அரை டம்ளர் ஊற்றிக்கொள்ளுங்கள், அம்மச்சியிடம் நான் சொல்ல மாட்டேன். ஒரு விசில் வரும்வரை கொஞ்சம் கூடுதல் தீ, அப்புறம் சிறு தீயில் 20 நிமிடம். எருமை என்றால் 25 அல்லது 30. கோயம்புத்தூர் வந்த பிறகு முதல்முறை செய்தபோது, வேகவில்லை என்றால் மானம் போய்விடுமே என்று எட்டு விசில் விட்டேன். நண்பர்கள் மூன்று பேர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். குக்கரைத் திறந்தால் கறித்துண்டு ஒன்றுகூட இல்லை, கயிறு பிரித்த மாதிரி நாரும் குழம்பும். அதை உலர்த்தப் போய் அது சட்டியில் தேங்காய் நார் போல ஒட்டிக்கொண்டது. பிரெட்டுக்கு நடுவே வைத்துக் கொடுத்து, இது புது ஸ்டைல் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. துண்டு இப்படி இருக்க வேண்டும்: விரலால் அழுத்தினால் இணங்க வேண்டும், உடையக் கூடாது. முக்கால் பங்கு வெந்தால் போதும், மீதி வேகல் சட்டியில்.

குக்கரைத் திறந்தால் நிறையச் சாறு நிற்கும். ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று முதல்முறை நான் அசந்துபோனேன். இறைச்சியின் எடையில் முக்கால்வாசி தண்ணீர்தானே.

இனிமேல்தான் சமையலே. இதுவரை செய்ததெல்லாம் எல்லா ஊரிலும் செய்வதுதான்.

கனமான இரும்புச் சட்டி வேண்டும். நான்ஸ்டிக்கில் இது வராது, வேண்டுமானால் செய்து பாருங்கள், ஒரு மணி நேரம் கிளறினாலும் வேகவைத்த கறியாகவே இருக்கும். நாலு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். காய்ந்ததும் தேங்காய்ச் சில்லைப் போட்டு ஓரம் சிவக்கும்வரை விட்டு, மீதி வெங்காயம், பச்சை மிளகாய், பாதிக் கறிவேப்பிலை. வெங்காயம் நிறம் மாறியதும் கறியைச் சாறோடு கொட்டிவிட வேண்டும். தீயைக் கூட்டிச் சாறு வற்றும்வரை கொதிக்க விடுங்கள்.

இந்த இடத்தில் கண்ணைவிடக் காது முக்கியம். அம்மச்சி முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார், நான் அடுக்களையில் சட்டிக்கு முன்னால் நிற்பேன். சாறு இருக்கும்வரை சட்டி சளசளவென்று பேசும். அது குறையக் குறையச் சத்தம் தடித்து, பொத் பொத் என்று குமிழ் உடையும், சேறு கொதிப்பது மாதிரி. அப்புறம் ஒரு நொடியில் மாறும். சடசட, மெல்லிய, கூரான சத்தம், எண்ணெயின் சத்தம். அது வந்ததும் முன்னறையிலிருந்து குரல் வரும், தீ குறை, இளக்கு. இளக்கு என்றால் கிளறு. டிவி ஓடிக்கொண்டிருக்கும், மழை வேறு பெய்துகொண்டிருக்கும், இரண்டு சுவர் தாண்டி அந்தச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு தீ வைத்தாலும் அது அவியும், வறுபடாது. தண்ணீர் போன பிறகுதான் சூடு மேலே ஏறும், 140 டிகிரிப் பக்கம் போகும்போது இறைச்சியின் மேல்புறம் பழுப்பேறி அந்த வறுத்த வாசம் பிறக்கும். அதனால் அவசரப்பட்டு நடுவில் தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கிக் கறி திரும்பவும் அவியத் தொடங்கும். அடிபிடிக்கிற மாதிரி இருந்தால் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள், தண்ணீர் வேண்டாம்.

இங்கிருந்து சிறு தீயில் 40 நிமிடம். நின்றுகொண்டே கிளற வேண்டாம், விட்டுவிட்டுக் கிளறினால் போதும். நாலைந்து நிமிடம் சும்மா விட்டால் அடியில் மெலிதாகப் பிடிக்கும், அதைத் தோசைத்திருப்பியால் சுரண்டிப் பிரட்டிக் கறியோடு சேர்க்க வேண்டும், மறுபடி விட வேண்டும். பத்து நிமிடத்தில் நம் ஊர்ச் சுக்கா நிறம் வரும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் அடுப்பை அணைக்கிறார்கள், நானும் பல தடவை அணைத்திருக்கிறேன், பசி. இருபதாவது நிமிடம் காப்பிக்கொட்டை நிறம். முப்பதுக்கு மேல் துண்டுகள் சிறுத்து, மசாலா தனியாக நிற்காமல் துண்டின் மேலேயே தோலாகப் படிந்து, எண்ணெய் ஓரத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஒரு துண்டை எடுத்துக் கடித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இன்னும் ஈரம். அப்போது மீதி மிளகு, இன்னொரு சிட்டிகை சோம்புப் பொடி, மீதிக் கறிவேப்பிலை. இரண்டு நிமிடம். இறக்கிவிடலாம்.

எங்கள் அம்மா போன மாதம் கோயம்புத்தூர் வந்திருந்தார். அவர் இருக்கும்போது செய்வதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். இந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் பார்த்த ஒரு வீட்டில், அட்வான்ஸ் வரை பேசி முடித்த பிறகு, வீட்டுக்காரர் “அந்தக் கறியெல்லாம் சமைக்க மாட்டீங்கள்ல?” என்று கேட்டு, என் பதில் அரை வினாடி தாமதமானதில் அந்த வீடே போய்விட்டது. அந்நியரிடம் அப்படி என்றால் அம்மாவிடம் எப்படி? கடைசியில் செய்தேன். ஒன்றும் சொல்லாமல் ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாறு வற்றிச் சடசட வந்ததும் தலையை நிமிர்த்தாமல், “உப்புக்கண்டம் வறுக்கிற வாசமா வருது” என்றார். அப்புறம் சிறிது நேரம் கழித்து, “இன்னும் சுண்டட்டும், இப்ப எறக்கிடாத”. அவர் சாப்பிடவில்லை. தயிர்சாதமும் கீரையும்தான். சட்டியைத் தனியாகக் கழுவி வைக்கச் சொன்னார். ஆனால் சுண்டட்டும் என்றாரே. எங்கள் வீட்டு ஆட்டுக்கறிச் சுக்காவை அவர் இப்படித்தான் செய்வார், வறுவலை இறக்குவதற்கு முன் மூன்று தடவை அடுப்பிடம் போய்ப் பார்த்துவிட்டு வருவார், எனக்குத்தான் அது இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

எதோடு சாப்பிடுவது என்பதில் சண்டையே நடக்கும். பரோட்டா என்பது கடைக்காரர் கட்சி. என் ஓட்டு கப்பைக்கு. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியதில் 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அங்கே பல வீடுகளில் வயிற்றை நிரப்பியது கப்பைதான். அம்மச்சி சின்னப் பெண்ணாக இருந்த காலத்துச் சாப்பாடு என்று சொல்வார். இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்து, உப்பும் மஞ்சளும் காந்தாரி மிளகாயும் தட்டிப் போட்டால் போதும். இறைச்சி உலர்ந்து இருப்பதால் பக்கத்தில் இப்படி மெத்தென்று ஒன்று வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சோறும் மோர்க்குழம்பும், அதுவும் நன்றாக இருக்கும்.

மிஞ்சினால் (மிஞ்சாது) மறுநாள் சட்டியிலேயே சூடு பண்ணுங்கள். துண்டுகள் தீர்ந்த பிறகு சட்டியின் பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும் மசாலாவில் ஒரு கரண்டிச் சோற்றைப் போட்டுத் துடைத்துச் சாப்பிடுவது என் வீட்டில் யாருக்கு என்பதற்கு முறை வைத்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை செய்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அம்மச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, பேரன்தான் போனைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவான். வாழையிலை, வெள்ளைக் கப்பை, பக்கத்தில் கறுகறுவென்று கறி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம். பத்து நிமிடம் கழித்துக் குரல் செய்தி வந்தது. முதலில் பின்னால் ஓடும் டிவி சத்தம், அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி, படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல. பிறகு,

“கறுத்திட்டில்ல, மோனே.”

இன்னும் கறுக்கவில்லையாம். இலையிலிருந்து எல்லாவற்றையும் வழித்துச் சட்டியில் போட்டு அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தேன்.